கானாடுகாத்தான் வரை பி.இ. 6

செங்கல்பட்டு அருகிலுள்ள மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவாகி, மகாராட்டிரத்தின் சாக்கன் ஆலையில் தயாராகும் பி.இ. 6 மின்காரைக் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை ஓட்டிப் பார்த்தேன். 79 கிலோவாட் மணி பேட்டரியும், பின்சக்கரங்களை இயக்கும் 286 குதிரைத்திறன் மோட்டாரும் கொண்ட இது, 6.7 விநாடிகளில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்கிறது நிறுவனம். திருச்சி சாலையில் மிதியை அழுத்தியதுமே முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. தரை இடைவெளி 207 மி.மீ. என்பதால் எந்த வேகத்தடையிலும் அடிப்பாகம் தட்டவில்லை.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பின் முன் நிறுத்தியதும், திண்ணையிலிருந்த பெரியவர் எழுந்து வந்து கதவோடு ஒட்டிப் பதிந்திருந்த கைப்பிடியைத் தடவியபடி, "இது நம்ம நாட்டு வண்டியா தம்பி?" என்று கேட்டார். ஆமென்றேன், பெருமையுடன்தான். ஆனால், பேட்டரியின் செல்கள் சீனாவின் பிஒய்டி நிறுவனத்திடமிருந்து வருபவை என்பது மனத்தை உறுத்தியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பேட்டரி ஆய்வு அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. அந்தச் செல்லும் இங்கேயே பிறக்க வேண்டும் என்பது என் ஆசை.

அறிமுகத்தின்போது 18.90 லட்சத்தில் தொடங்கிய காட்சியக விலை, நான் ஓட்டிய உயர்வகைக்கு அப்போது 26.90 லட்சமாக இருந்தது. ஓட்டும் இன்பத்துக்காக வாங்குவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.