வான்கோமைசினா லினிசோலிடா? எம்ஆர்எஸ்ஏ புண்ணுக்கு எது சரி

ஆபரேஷன் பண்ண இடத்துல சீழ் வெச்சு கல்ச்சர்ல (என்ன கிருமின்னு பாக்குற டெஸ்ட்) எம்ஆர்எஸ்ஏன்னு, அதாவது பல ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஒரு ஸ்டாஃப் பாக்டீரியான்னு வந்துட்டா வீட்ல எல்லாரும் பயந்துடுறாங்க, அப்புறம் டாக்டர் இந்த ரெண்டு மருந்தையும் சொன்னா எது நல்லதுன்னு குழம்புறாங்க, அதுக்குத்தான் இது. அமாக்சிசிலின் மாதிரி வழக்கமான மருந்தெல்லாம் இந்தக் கிருமிகிட்ட எடுபடாது, 1961லயே கண்டுபிடிச்ச ரெசிஸ்டன்ஸ் (மருந்தை எதிர்த்து நிக்கிற தன்மை) இது.

எப்படிக் குடுப்பாங்க:
வான்கோமைசின் – டிரிப்ஸ்ல மட்டும்தான், ஒரு மணி நேரமாவது மெதுவா ஏத்தணும், வேகமா ஏத்துனா உடம்பு சிவந்து அரிக்கும்.
லினிசோலிட் – மாத்திரையே போதும், 600 மில்லிகிராம் தினம் ரெண்டு வேளை, ஊசி அளவுக்கே ரத்தத்துல சேரும்.

பக்க விளைவு:
வான்கோமைசின் – கிட்னிய பாதிக்கலாம், அதனால கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) ரத்தத்துல மருந்து அளவும் அடிக்கடி டெஸ்ட் பண்ணணும்.
லினிசோலிட் – 2 வாரத்துக்கு மேல போனா பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணு) குறையலாம், வாராவாரம் ரத்த டெஸ்ட் வேணும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுறவங்க கண்டிப்பா முன்னாடியே சொல்லிடுங்க, சில மாத்திரையோட சேர்ந்தா ஆபத்து.

ரத்தத்துலயும் கிருமி பரவியிருந்தா வான்கோமைசின் பக்கம்தான் நான் நிப்பேன். புண்ணோட நின்னு, கிட்னி வீக்கா இருந்து, வீட்டுக்குப் போகலாம்னா லினிசோலிட் வசதி. எதுவா இருந்தாலும் சீழ முதல்ல வெளியே எடுக்கணும், உள்ள தேங்கி நிக்கிற சீழுக்குள்ள மருந்து சரியா போய்ச் சேராது.