ரவுண்ட் தீவு வெளிச்சவீட்டுப் படகுச் சவாரி: ஏற முடியாது, ஆனாலும் போகலாம்

திருகோணமலையில் படகுச் சவாரி விற்பவர்கள் ஒட்டும் படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாளும் பிள்ளைகளும் பிடிவாதம் பிடித்தார்கள். வெள்ளைக் கோபுரம், நீலக் கடல், உள்ளே சுழன்று ஏறும் படிக்கட்டு. தொலைபேசியில் கேட்டேன். கொட்டியாரக் குடாவில் உள்ள ரவுண்ட் தீவுக்குப் போய், வெளிச்சவீட்டில் ஏறிப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்றார் அந்தத் தம்பி. படகு முழுவதற்கும் 15,000 ரூபாய், காலை உணவும் அதற்குள்.

ஏறவில்லை. தீவில் கால்கூட வைக்கவில்லை. கடற்படையின் அனுமதி இல்லாமல் இறங்க முடியாது, ஓரளவு தள்ளி நின்றுதான் பார்க்கலாம் என்று டச்சு விரிகுடாக் கரையில் படகைத் தள்ளும்போதே படகோட்டி சொல்லிவிட்டார். காசு வாங்கியவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? இந்த ஊரில் எந்தக் கரையில் எந்த முகாம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். படிக்கட்டுப் படம் எந்த நாட்டு வெளிச்சவீடோ!

ஆனால் அந்தப் படகோட்டிக்காக மட்டும் இன்னொரு தடவையும் போவேன். என்னைவிடச் சற்று மூத்தவர். அவருடைய பேரனுக்கு நான் படிப்பித்திருக்கிறேன் என்பது பாதி வழியில் தெரியவந்தது. அதன்பின் நான் அவருக்கு ‘ரீச்சர்’ ஆகிவிட்டேன். ஒஸ்ரன்பேர்க் முனையைச் சுற்றிக் குடாவுக்குள் நுழைந்ததும் இயந்திரத்தை மெதுவாக்கினார். “ரீச்சர், இங்கே ஆழத்துக்குக் குறைவில்லை. கப்பலை உடைப்பது ஓரம்தான்” என்றார்.

உண்மைதான். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இந்தக் குடாவுக்குள்ளிருந்தே தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. நடுவில் எவ்வளவு பெரிய கப்பலும் வரலாம்; வழி தவறி ஒதுங்கினால் பாறை. அதனால்தான் ஆங்கிலேயர் 1863இல் இங்கே ஒன்றல்ல, இரண்டு வெளிச்சவீடுகளைக் கட்டினார்கள். ஒன்று குடாவின் தென்கிழக்கு வாசலில், சம்பூருக்கு அப்பால் பவுல் முனையில். மற்றது உள்ளே, துறைமுக வாய்க்கு எதிரே இந்தத் தீவில். வெளியிலிருந்து வரும் கப்பலுக்குக் குடா எங்கே திறக்கிறது என்று முதலாவது சொல்லும். துறைமுகம் எங்கே திறக்கிறது என்று இரண்டாவது சொல்லும். கொழும்புத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்ததே 1875இல்தான். அதற்கு முன்பே நம்முடைய குடாவில் இரண்டு விளக்குகள் எரிந்திருக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை தலைக்கேறியது, மறைப்பானேன்.

தீவு சிறியது, மரம் அடர்ந்தது. மரங்களுக்கு மேலே கோபுரம் எழுகிறது. தூரத்தில் மூதூர்க் கரை, மகாவலி வந்து கலக்கும் பக்கம். திரும்பினால் துறைமுக வாய். வெளிச்சவீட்டுக்குள் நின்றிருந்தால் இதெல்லாம் வெறும் காட்சி. படகில் இருந்ததால், இருட்டில் இந்த வாயைத் தேடி வந்த மாலுமியின் இடத்தில் நாங்கள் இருந்தோம். அவன் பார்ப்பதற்காகக் கட்டியதுதானே அது. விற்பவர்கள் இதைச் சொல்லி விற்றாலே போதும், படிக்கட்டைக் காட்டி ஏமாற்ற வேண்டியதில்லை.

எங்களோடு அனுப்பப்பட்ட வழிகாட்டிப் பையனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கைப்பேசியைப் பார்த்து வாசித்தான், பிறகு அதிலேயே ஆழ்ந்துவிட்டான். காலை உணவு இரண்டு துண்டு பாணுக்கு நடுவில் வெள்ளரிக்காய். திருகோணமலையில் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்களுக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுக்க ஆளில்லையா? படகோட்டி தன் சுடுதண்ணீர்ப் போத்தலில் இருந்த தேநீரைப் பங்கிட்டார். மச்சாள் அதைத்தான் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

போகிறவர்கள் விடியும்போதே புறப்படுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் திரும்பும் வழியெல்லாம் முகத்தில் உப்புநீர்தான். மார்கழி வாடையில் இந்தச் சவாரியை நினைக்கவே வேண்டாம்.

வெளிச்சவீட்டைக் கிட்டவே போய்ப் பார்த்தாக வேண்டும் என்பவர்களுக்குப் பவுல் முனைதான் வழி. அது தீவல்ல. கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூர் போய், அங்கிருந்து கட்டைபறிச்சான், சம்பூர் வழியாகத் தரையிலேயே போகலாம். கல்லால் கட்டிய கோபுரம், கவனிப்பாரின்றி நிற்கிறது. தண்ணீர் கொண்டு போங்கள். வழியில் விசாரித்துக்கொண்டே போங்கள்.

படகுக்கு இடைத்தரகர் வேண்டாம், கரையில் நேரே பேசுங்கள். அந்த 15,000இல் படகோட்டியின் கைக்குப் போனது பாதிகூட இல்லையாம். ஏறுமுன் உயிர்காப்பு அங்கிகளையும் எண்ணிப் பாருங்கள். எங்களுக்குத் தந்தவற்றில் சிறுவர் அளவில் ஒன்றுமே இல்லை. சின்னவனுக்குப் பெரியவர்களின் அங்கியைப் போட்டு, மச்சாளின் சால்வையால் இடுப்பில் இறுக்கிக் கட்டித்தான் கூட்டிப் போனோம்.