முதல் பிளேஸ்டேஷனுக்கு மோட் சிப் தேவையா? மூன்று வழிகளின் ஒப்பீடு

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷனுக்கு மோட் சிப் (நகல் வட்டுகளையும் வேறு நாட்டு வட்டுகளையும் ஓட வைக்கும் சிறு சில்லு) பொருத்த விரும்பும் புதியவர்கள், எந்தச் சிப்பை வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தச் சிப் எந்தப் பூட்டைத் திறக்கிறது என்று தெரிந்துகொண்டால், பலருக்கு அது தேவையே இல்லை என்பது விளங்கிவிடும்.

அசல் வட்டின் தொடக்கப் பகுதியில் தடம் மிக நுண்ணிய அளவில் நெளிந்து ஓடுகிறது. அந்த நெளிவில் நான்கு எழுத்துகள் பதிந்திருக்கும்: ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. தன் நாட்டுக்குரிய எழுத்துகள் இல்லாத வட்டைக் கன்சோல் ஏற்காது; இதுதான் அந்தப் பூட்டு. நாமே எழுதிக்கொள்ளும் வெற்று சிடி-ஆர் வட்டின் தடம் தொழிற்சாலையிலேயே அமைந்துவிடுவதால், வீட்டு ரைட்டரால் இந்த நெளிவை எழுத முடியாது. மோட் சிப் அந்த நான்கு எழுத்துகளையும் மின் சைகையாக டிரைவின் சுற்றுக்குள் செலுத்துகிறது. வேறு எதையும் செய்வதில்லை. தேய்ந்துபோன லென்ஸை அது சரிசெய்யும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

சிப்பின் பெரும் பலன், வட்டைப் போட்டு மூடியதும் விளையாட்டு தொடங்கிவிடுவதுதான். ஆனால் பழைய சிப்புகள் எழுத்துகளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் என்பதால், பின்னாளில் வந்த சில விளையாட்டுகள் அதைக் கண்டுபிடித்து நின்றுவிடும். தொடக்கத்தில் மட்டும் அனுப்பிவிட்டு அடங்கும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். பொருத்தும் புள்ளிகள் போர்டுக்குப் போர்டு மாறுவதால், கன்சோலைத் திறந்து போர்டில் அச்சிட்டிருக்கும் பியூ-18, பியூ-22 போன்ற எண்ணைப் பார்த்த பிறகே வரைபடத்தைத் தேட வேண்டும். மெல்லிய முனையுள்ள சால்டரிங் அயர்னும் பழகிய கையும் இல்லாதவர்கள், முதலில் ஒரு பழுதான போர்டில் பழகுவது நல்லது.

2021-இல் வெளிவந்த டோனிஹாக்ஸ், ஃப்ரீபிஎஸ்எக்ஸ்பூட் ஆகிய மென்பொருள்கள், விளையாட்டைச் சேமிக்கும் மெமரி கார்டில் ஏற்றப்பட்டு, இந்தச் சால்டரிங் வேலையையே தவிர்த்துவிடுகின்றன. கன்சோலின் மெமரி கார்டு திரைக்குள் நுழைந்ததும் கார்டில் உள்ள நிரல் ஓடத் தொடங்கி, டிரைவுக்குள்ளேயே சோனி வைத்திருந்த ரகசியக் கட்டளைகளை வரிசையாக அனுப்பிப் பூட்டைத் திறந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இதைச் செய்தாக வேண்டும். அந்தக் கார்டில் விளையாட்டைச் சேமிக்கவும் கூடாது. அமெரிக்க, ஐரோப்பிய கன்சோல் வைத்திருக்கும் புதியவருக்கு என் பரிந்துரை தயக்கமின்றி இதுதான், ஏனெனில் பிடிக்காவிட்டால் கார்டைக் கழற்றிவிடலாம். கன்சோலில் ஒரு கீறலும் விழுந்திருக்காது. ஜப்பானிய டிரைவுகள் அந்தக் கட்டளைகளை ஏற்பதில்லை என்பதால், அவற்றுக்கு இன்றும் சிப்தான் நேரான வழி. ஜப்பானிய கன்சோலை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாகச் செருகக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

லென்ஸ் உயிரை விட்டிருந்தால் மேற்கண்ட இரண்டுமே பயன்படாது. அப்போது எக்ஸ்ஸ்டேஷன் போன்ற கருவி, டிரைவை அகற்றிவிட்டு எஸ்டி கார்டிலிருந்து விளையாட்டைப் படிக்கிறது. மூன்றிலும் செலவு மிகுந்தது இதுவே. சால்டரிங்கும் உண்டு, எல்லா மாடல்களுக்கும் பொருந்தவும் பொருந்தாது. பின்புறப் பேரலல் போர்ட்டில் செருகும் பிஎஸ்ஐஓ வகையை வாங்குவோர், 9000 வரிசைக் கன்சோல்களில் அந்தப் போர்ட்டே நீக்கப்பட்டுவிட்டதை நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2005-இல், சோனி தொடுத்த வழக்கில் சிப் விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின் வழியே வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்பை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. ஆகவே எந்த வழியில் சென்றாலும், சொந்தமாக வாங்கிய வட்டுகளோடு நின்றுகொள்வதே முறை.