ஒன்பதாம் வகுப்பில் கதை: ஆசிரியர் வாசிப்பதா, மௌன வாசிப்பா, வாசிப்பு வட்டமா?

வகுப்பில் 40 பேர், வாரத்தில் கதைக்கென்று ஒதுக்க முடிவது ஒரு பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். எந்த வழியில் போவது என்பது பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் வேலை ஒரு சின்னச் சோதனை. அவர்கள் பார்த்திராத கதையிலிருந்து 100 சொற்கள் உள்ள பத்தியை ஒவ்வொருவரையும் தனியே வாசிக்கச் சொல்லுங்கள். 5 பிழைக்குள் நின்றால் அந்தப் புத்தகத்தைத் தானாக வாசிப்பார். 10ஐத் தாண்டினால் இப்போதைக்கு அது அவருக்குச் சுமை. இந்தக் கணக்கு ஆங்கில வகுப்பறையிலிருந்து வந்தது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ தமிழில் ஒரே சொல் என்பதால், எண்ணிக்கையோடு சொல்லின் எந்த இடத்தில் தடுக்கினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குள்ளேயே திக்கினால் எழுத்துக்கூட்டுவதில் சிக்கல். சரளமாக வாசித்தும் கதையைச் சொல்லத் தெரியவில்லை என்றால் சிக்கல் வேறு.

பெரும்பாலானோர் திக்கும் வகுப்பில் ஆசிரியர் வாய்விட்டு வாசிப்பதே முதலில் பலன் தரும். தமிழுக்கு இதில் தனி ஆதாயம் உண்டு. கரிசல் வழக்கில் எழுதிய உரையாடல் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும். காதில் விழுந்ததும் ‘எங்க பாட்டி இப்படித்தான் பேசும்’ என்பார்கள். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ இதற்குத் தோதான கதை. குழந்தைகள் கதவில் தொற்றி ஆடும் பகுதியை வேகமாகவும், தீர்வை (நிலவரி) பாக்கிக்காகக் கதவைப் பெயர்த்து எடுத்துப்போகும் இடத்தை மெதுவாகவும் வாசியுங்கள். அங்கேயே நிறுத்தி, கதவில்லாத அந்த வீட்டில் இன்றிரவு என்ன நடக்கும் என்று ஒரே வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு மீதியை வாசியுங்கள். எல்லார் கையிலும் நகல் இருக்க வேண்டும். கண் வரியோடு ஓடாவிட்டால் அது கதை கேட்பதாக மட்டும் நின்றுவிடும்.

ஆளுக்கொரு பத்தி என்று வரிசையாக வாசிக்க வைப்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏழாவது பெஞ்சுப் பையன் தலைகளை எண்ணித் தன் பத்தி எதுவென்று கண்டுபிடித்து, அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பான். நடுவில் வந்த கதை அவனுக்குப் போய்விடும். திக்குகிற பிள்ளைக்கோ அது 40 பேர் முன்னால் அவமானம்.

மௌன வாசிப்புக்கு 40 நிமிடம் ஒரே மூச்சில் வேண்டாம். மூன்று நாள், நாளுக்கு 15 நிமிடம் போதும். புத்தகத்தை அவர்களே எடுக்க வேண்டும்; பத்துப் பக்கம் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளும் உரிமையும் வேண்டும். 40 பேருக்கு 100 புத்தகமாவது இல்லாவிட்டால் அது பேச்சளவுத் தேர்வுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில், பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் எளிதிலிருந்து கடினம் வரை நான்கு நிலையாக வெளியிட்ட நுழை, நட, ஓடு, பற நூல்கள் கைகொடுக்கும். ஆனால் நிலைவாரியாகப் பிரித்து வைத்தால், ஒன்பதாம் வகுப்பு மாணவி ‘நுழை’ அடுக்கின் பக்கமே போகமாட்டாள். எல்லாவற்றையும் ஒரே மேசையில் கலந்து பரப்புங்கள். அந்த 15 நிமிடமும் ஆசிரியர் நோட்டு திருத்தாமல் தானும் வாசிக்க வேண்டும்.

இதன் பலவீனம், பக்கம் புரளாத பொய் வாசிப்பு. மௌனமாக வாசிக்க விட்டாலே சரளம் கூடும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் சொன்னது. திக்குகிறவர்களுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

வாசிப்பு வட்டம் மூன்றிலும் சுவையானது, சீக்கிரம் கெடுவதும் அதுதான். ஐந்து பேருக்கு ஒரு கதை. கேள்வி கேட்பவர், சுருக்கம் சொல்பவர், நல்ல வரி பொறுக்குபவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு, அதை எழுத ஆளுக்கொரு தாள். இரண்டு வாரத்துக்கு மேல் இதை நீட்டினால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும். கெட்டிக்காரப் பிள்ளை ஐந்து தாளையும் நிரப்பிக் கொடுக்கும். அப்போது பொறுப்புகளை எடுத்துவிட்டு, கதையில் நேரடி விடை இல்லாத ஒரு ‘ஏன்’ கேள்வியை மட்டும் ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எங்கள் தேர்வு: முதல் ஆறு வாரம் ஆசிரியர் வாசிப்பு, அதன்பின் மௌன வாசிப்பு. வட்டத்துக்கு நாள் குறிக்க வேண்டியதில்லை. இருவர் ஒரே புத்தகத்தைப் பற்றி மணியடித்த பிறகும் வாதாடிக்கொண்டிருந்தால், அந்த இருவரோடு இன்னும் மூவரைச் சேர்த்து முதல் வட்டத்தைத் தொடங்குங்கள்.