சிகு: ஒற்றை ஆளுக்கு உதவாத குழல்

பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்குப் போனால் சகார்னகா தெருவில் இசைக்கருவிக் கடைகளைத் தேட வேண்டியதே இல்லை, வழி நெடுக அவைதான். அதில் ஒன்றில் ‘மால்தா’ என்று அவர்கள் சொல்லும் நடுத்தர அளவுச் சிகுவை 90 பொலிவியானோவுக்கு வாங்கினேன். நாணல் குழாய்களை உயரவாரியாக அடுக்கி நூலால் கட்டிய கருவி. இரண்டு வரிசை: 6 குழாய் உள்ளது இரா, 7 குழாய் உள்ளது ஆர்கா.

கடையில் இரண்டையும் சேர்த்துக் கட்டியே கொடுத்தார்கள். வாங்கியதும் அந்தக் கட்டைப் பிரித்துவிடுங்கள். ஒருவரே இரண்டையும் ஊதுவது நகரத்து மேடைகளில் பரவிய பழக்கம்; ஊர்த் திருவிழாவில் ஆளுக்கொரு பாதிதான். அங்குள்ள பழங்குடிகளின் அய்மாரா மொழியில் இரா முன்னால் போவது, ஆர்கா பின்னால் வருவது. (எனக்கு இரா என்றால் இரவுதான்!)

என்னுடையது ஜி மேஜர் சுருதி. ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் அப்படியே சங்கராபரணம். ஆனால் ச என் இராவில், ரி தோழியின் ஆர்காவில், க என்னிடம், ம அவளிடம், ப என்னிடம்... அடுத்தடுத்த இரண்டு ஸ்வரம் ஒரே கையில் கிடையாது. கோபித்துக்கொண்டு ஒருத்தி எழுந்து போனால் ‘ச...க...ப’ என்று பொக்கை வாய்ப் பாட்டுதான் மிஞ்சும். முதல் நாள் நாங்கள் அப்படித்தான் எழுந்து போனோம். ரி தாமதமாக வந்தது என்று நான், நீ ஓடுகிறாய் என்று அவள். மூன்றாம் நாள்தான் காலால் தாளம் போடுவதை விட்டு, அவள் மூச்சு இழுப்பதைப் பார்த்து ஊதத் தொடங்கினேன். பிறகு சண்டை இல்லை, இருந்தது, குறைந்தது.

இருவராக வாசிப்பதில் ஒரு லாபம் மூச்சு. லா பாஸ் சுமார் 3,600 மீட்டர் உயரம். புட்டி வாயில் ஊதுவதுபோல் ஊத வேண்டிய இந்தக் கருவியைத் தனியாகப் பத்து நிமிடம் வாசித்தால் தலை கிறுகிறுக்கும். அவள் ஊதும்போது எனக்கு ஓய்வு.

குறை ஒன்று. ஆர்காவின் ரி குழாய் சுருதி இறங்கியிருந்தது. குழாயின் அடி மூடியிருப்பதால் உள்ளே தானியம் போட்டால் காற்றறை குறுகிச் சுருதி ஏறும். அங்கே வாசிப்பவர்களே செய்வது. நான்கு உளுந்து போட்டோம், சரியாகிவிட்டது. பையில் தலைகீழாக மட்டும் வைக்காதீர்கள், மறுபடி எண்ணிப் போட வேண்டும்.