சீட்டுக்கட்டு எழுந்து நிற்கும் புத்தகம்: ராபர்ட் சபுடாவின் 'ஆலிஸ்'

லூயிஸ் கரோலின் 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையை, திறந்தால் தாள் உருவங்கள் எழுந்து நிற்கும் பாப்-அப் புத்தகமாக 2003-இல் தந்தார் சபுடா. இதில் விரிப்புகள் (எதிரெதிரே விரியும் இரட்டைப் பக்கங்கள்) ஆறே ஆறுதான். கதை, ஓரங்களில் ஒட்டிய குட்டி மடிப்பேடுகளில் சுருக்கமாக இருக்கிறது. அவற்றுக்குள்ளும் சின்னச் சின்ன உருவங்கள் எழும்பும். படங்கள், கதையின் பழைய பதிப்புக்கு ஓவியர் ஜான் டெனியல் வரைந்தவற்றின் சாயலில்.

உச்சம் கடைசி விரிப்புதான். திறக்கத் திறக்கச் சீட்டுகள் ஆலிஸின் தலைக்கு மேல் வளைவாகக் கிளம்புகின்றன. பேட்டரி கிடையாது. நடுமடிப்பின் இருபுறமும் ஒட்டிய தாள், பக்கம் விரியும் இழுப்பிலேயே நிமிர்கிறது. அதனால் மேசையில் வைத்து முழுதாக விரிக்க வேண்டும். மடியில் வைத்தால் எல்லாம் கூனிக்கொண்டு நிற்கும்.

கிழிவது பெரும்பாலும் மூடும்போது. ஒரு சீட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அழுத்தி மூடினால் தாள் தப்பான திசையில் முறியும். தட்டுப்பட்டால் மறுபடி திறந்து, நீட்டியதை உள்ளே தள்ளிவிட்டு மெல்ல மூடுங்கள். ஒட்டு விட்ட இடத்தில் செலோடேப் வேண்டவே வேண்டாம்: நாளடைவில் மஞ்சளாகும், மடிப்பையும் விறைக்கவைக்கும். பல்குத்தும் குச்சி நுனியில் துளி ஃபெவிகால் போதும். காயுமுன் மூடினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

பழைய பிரதி வாங்குகிறவர்கள், முயல் வளைக்குள் ஆலிஸ் விழுவதைக் காட்டும் துருத்தி மடிப்பை முதலில் இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக் கையில் தனியாகக் கொடுத்தால் ராணிக்குத் தலை போகும்.