பக்கத்துப் படத்தையும் பாருங்கள்: லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் புகைப்படத் தளம்

நவீன உலக வரலாற்றைப் படங்கள் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரிடமாவது கேட்டால், வழவழ தாளில் அச்சிட்ட, தூக்கவே முடியாத ஒரு கனத்த புத்தகத்தைக் கை காட்டுவார்கள். விலையும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதை வாங்குவதற்கு முன் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் புகைப்படத் தொகுப்புக்குள் ஒருமுறை போய்விட்டு வந்துவிடுங்கள். காசு கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, விளம்பரமும் இல்லை. இலவசம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புத்தகத்தில் தேறிய ஒரு படம்தான் இருக்கும். இங்கே அதற்கு முன்னால் எடுத்தது, பின்னால் எடுத்தது, வேண்டாம் என்று தூக்கிப் போட்டது எல்லாமே கிடக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த படத்தையே எடுத்துக்கொள்வோம். 1936, கலிபோர்னியாவில் நிபோமோ, பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம். கன்னத்தோரம் கை வைத்தபடி எங்கோ பார்க்கும் ஒரு பெண், இரண்டு தோளிலும் முகத்தைத் திருப்பிச் சாய்ந்திருக்கும் பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. டோரதியா லாங் என்ற புகைப்படக்காரர் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' படம் அது. தளத்தில் அதைத் திறந்தால் தலைப்பில் அந்தப் பெண்ணின் பெயரே இல்லை. ஏழை பட்டாணி பறிப்பவர்கள், ஏழு குழந்தைகளின் தாய், வயது முப்பத்திரண்டு, அவ்வளவுதான். அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், செரோக்கி பூர்வகுடிப் பெண் என்பதெல்லாம் 1970களின் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. அன்று எடுத்த மற்ற படங்களையும் திறந்து பாருங்கள். தள்ளி நின்று எடுத்ததில் கூடாரம் முழுசாகத் தெரிகிறது, பதின்ம வயது மகள் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். புகழ்பெற்ற படத்தில் அவளுக்கு இடமில்லை.

அப்புறம் அந்தக் கட்டைவிரல். படத்தின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று பின்னாளில் நெகட்டிவிலேயே தீற்றி மறைத்துவிட்டார்கள். திருத்தாத பழைய பிரதி, திருத்திய நெகட்டிவ் இரண்டும் தளத்தில் இருக்கின்றன. திருத்தியதைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் விரலின் மங்கலான தடம் இன்னும் இருக்கிறது. இதைப் புத்தகத்தில் பார்க்கவே முடியாது.

இந்தப் படம் இருக்கும் தொகுப்பு 1935 முதல் 1944 வரை அமெரிக்க அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமும் பிறகு போர்த் தகவல் அலுவலகமும் எடுக்கவைத்தது. கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் மட்டும் சுமார் 1,75,000. பொறுப்பாக இருந்த ராய் ஸ்ட்ரைக்கர், பிடிக்காத நெகட்டிவ்களில் துளை போடும் கருவியால் ஓட்டை போட்டுவிடுவார். பிறகு யாரும் அச்சிட முடியாது பாருங்கள். அந்த ஓட்டை விழுந்தவற்றையும் நூலகம் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. வயலுக்கு மேலே வானத்தில் ஒரு கன்னங்கரிய வட்டம் நிற்கும், சிலவற்றில் ஆளின் முகத்திலேயே. குறிப்பும் எழுதாமல் விட்ட படங்கள் என்பதால் இவற்றுக்கு 'தலைப்பில்லாத படம், ஒருவேளை இன்ன படத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம்' என்கிற மாதிரி ஒரு தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து நெகட்டிவ் எண்ணில் இருப்பதை வைத்து ஊகிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும் அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. நீங்களும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போங்கள். இந்தத் தளத்தைப் பயன்படுத்தும் முறையே அதுதான்.

அமெரிக்கா மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. எனக்கு அதிக நேரம் போனது ரஷ்யாவில். செர்கேய் புரோகுடின்-கோர்ஸ்கி என்பவர் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் ஆதரவோடு, இருட்டறை வசதி செய்த ரயில் பெட்டியில் பேரரசு முழுக்கச் சுற்றி, முதல் உலகப் போர்க் காலம் வரை வண்ணத்தில் படம் எடுத்திருக்கிறார். வண்ண ஃபிலிம் எதுவும் இல்லை. நீளமான ஒரு கண்ணாடித் தகட்டில் நீல, பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியாக ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கறுப்பு-வெள்ளைப் படங்கள். மூன்றையும் பொருத்தினால் நிறம் வந்துவிடும். புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போய்விட்டார். 1948இல் அவருடைய மகன்களிடமிருந்து நூலகம் 1,902 நெகட்டிவ்களை வாங்கியது. பொருத்திய வண்ணப் படம், பொருத்தாத மூன்று கட்டப் படம் இரண்டுமே கிடைக்கின்றன. பொழுது போகாவிட்டால் ஜிம்ப் மாதிரி ஏதாவது மென்பொருளில் நீங்களே பொருத்திப் பார்க்கலாம், நன்றாக நம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்று படத்துக்கும் நடுவில் அசைந்துவிட்ட குழந்தைக்குச் சிவப்பிலும் பச்சையிலும் ஓரம் கட்டியிருக்கும், ஓடும் ஆற்று நீரில் வானவில் தெறிக்கும். 1911இல் நீலப் பட்டு அங்கியில் வாளோடு உட்கார்ந்திருக்கும், மத்திய ஆசியாவின் புகாராவை ஆண்ட அமீர் ஆலிம் கானைப் பாருங்கள், நேற்று எடுத்த மாதிரி இருக்கும். ஒன்பது வருஷத்தில் செம்படை வந்து அந்த ஆட்சியே போய்விட்டது.

லூயிஸ் ஹைன் எடுத்த குழந்தைத் தொழிலாளர் படங்கள் ஐயாயிரத்துக்கும் மேல். அவற்றில் படத்தைவிடக் குறிப்பைப் படியுங்கள். 1908இல் தென் கரோலினா பஞ்சாலையில் நிற்கும் ஒரு சிறுமிக்கு '48 அங்குல உயரம், அரை வருஷமாக வேலை செய்கிறாள்' என்று எழுதியிருக்கிறார். தன் கோட்டுப் பொத்தான்களின் உயரத்தை முன்பே அளந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் உயரத்தை யாருக்கும் தெரியாமல் கணக்குப் போடுவாராம். அன்செல் ஆடம்ஸ் 1943இல், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த மன்சனார் முகாமில் எடுத்தவையும் உண்டு. அவருடைய நெகட்டிவையும் அச்சுப் பிரதியையும் அருகருகே வைத்திருக்கிறார்கள், எங்கே வெட்டினார் என்று தெரியும். முள்வேலியையும் காவல் கோபுரத்தையும் எடுக்க அங்கே அனுமதி இல்லை. சிரிக்கும் முகங்களாகப் பார்த்துக்கொண்டே போகும்போது அதை மறந்துவிடாதீர்கள்.

குறைகளுக்கு வருவோம். முழுக்க ஆங்கிலம். அதுகூடப் பரவாயில்லை, பழைய ஆங்கிலம். அந்தந்தக் காலத்தில் எழுதிய குறிப்புகளை மாற்றாமல் வைத்திருப்பதால், கறுப்பின மக்களைத் தேட அன்றைய சொல்லையே போட வேண்டியிருக்கிறது. அவற்றை மாற்றாததுதான் சரி, ஆனால் புதிதாக வருபவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று தோன்றிவிடும். இன்னொன்று, உரிமைச் சிக்கல் உள்ள படங்கள் நூலகக் கட்டடத்துக்கு வெளியே தபால்தலை அளவில்தான் தெரியும். அதனால் 1945க்குப் பிறகு வர வரத் தொகுப்பு மெலிகிறது. வியட்நாம் போரின் புகழ்பெற்ற செய்திப் படங்களை நம்பி வந்தால் ஏமாற்றம்தான், அவையெல்லாம் செய்தி நிறுவனங்களின் சொத்து. எல்லாவற்றுக்கும் மேலே, இது அமெரிக்கா சேர்த்து வைத்த உலகம். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் பெரும்பாலும் பயண எழுத்தாளர்கள் கொண்டுபோன படங்களாக, வேடிக்கை பார்ப்பவரின் கண்ணோடு இருக்கின்றன. உலக வரலாற்றுக்கு இது ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதிவிறக்கும்போது டிஃப் (TIFF) கோப்பைத் தொடாதீர்கள். சிலது நூறு எம்பியைத் தாண்டும், மொபைல் டேட்டா காலி. பெரிய அளவு ஜேபெக் தாராளமாகப் போதும். அரசு எடுத்த படங்களை நீங்கள் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். மற்றவற்றுக்கு உரிமை பற்றிய வரி அந்தப் படத்தின் பக்கத்திலேயே இருக்கும், படித்துவிடுங்கள்.

பள்ளியில் வரலாறு எடுப்பவராக இருந்தால் நேராக அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களப் படங்களுக்குப் போங்கள். 1863 ஜூலை, அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு எடுத்தது. பாறைகளுக்கு நடுவே, துப்பாக்கி சாத்தி வைத்த இடத்தில் செத்துக் கிடக்கும் ஒரு தெற்குப் படை வீரன். வேறொரு இடத்தில் கிடக்கும் இன்னொரு வீரனின் படமும் இருக்கிறது. இரண்டும் ஒரே உடல் என்று ஃப்ரெடெரிக் ரே கவனித்துச் சொன்னது 1961இல். நல்ல காட்சிக்காகப் பாறைகளிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று வில்லியம் ஃப்ராசனிட்டோ விரிவாக ஆராய்ந்து எழுதியது 1975இல், நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து. இரண்டையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், எதுவும் சொல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.